சிவப்பு தீர்ந்ததும் குளியல்: கண்ணால் பார்க்கும் டைமரை வீட்டில் பழக்குவது எப்படி

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான், கண்ணா." இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. என் மகனுக்கு ஆட்டிசம். அப்போது அவனுக்கு 5 வயது. நான் சொன்ன அஞ்சு நிமிஷம், ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். ஊரிலிருந்து அக்கா போன் செய்தால் அரை மணி நேரம் நீளும். அவன் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். அம்மா ஏதோ சொல்கிறாள், பிறகு எப்போதோ திடீரென்று வந்து கையில் இருப்பதைப் பிடுங்குகிறாள். அழாமல் என்ன செய்வான்?

இப்போது அவனுக்கு 15 வயது. இந்தப் பத்து வருடங்களில் எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்த பொருள் டைமர்தான். அதை வாங்குவதும் ஓட்டுவதும் சுலபம். பிள்ளை அதை நம்பும்படி செய்வதுதான் பெரிய வேலை. டைமர் என்பது நாம் பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு. 'இது முடியும், இத்தனை நேரத்தில் முடியும், அதற்குப் பிறகு இது வரும்' என்ற வாக்கு. அதை எப்படிக் கொடுப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

நேரம் ஏன் பிடிபடுவதில்லை

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது நன்றாக மனதில் தங்குகிறது. படம் அங்கேயே இருக்கும், திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் 1972-ல் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் இந்த அடிப்படையில் வளர்ந்ததுதான். அடுத்து என்ன, எவ்வளவு, எப்போது முடியும் என்பதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ளவர்களின் சிக்கல் வேறு. பத்து நிமிடம் போனதா, ஒரு மணி நேரம் போனதா என்று உள்ளே ஒரு கணக்கு ஓட வேண்டும் அல்லவா? அது அவர்களுக்குச் சரியாக ஓடுவதில்லை. இத்துறையில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரஸ்ஸல் பார்க்லி, நேரத்தைப் பார்க்க முடியாத ஒருவகைப் பார்வைக் குறை போலவே இதை விளக்குவார். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கோ கடிகாரம் பார்க்கப் படிக்கவே பல வருடம் ஆகலாம். அதுவரை அவர்களுக்கு நேரமே தெரியக்கூடாதா என்ன?

இதில் புதுமை எதுவும் இல்லை. நம் முன்னோர் நாழிகை வட்டில் வைத்திருந்தார்கள். அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நீர் ஏறி ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்த டைமர் வாங்கலாம்

சிவப்பு வட்டு உள்ள டைமரை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். குமிழைத் திருப்பினால் சிவப்புத் தட்டு விரியும், நேரம் போகப் போகச் சுருங்கி மறையும். டைம் டைமர் என்ற பெயரில் இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் ரோஜர்ஸ் என்ற தாய், 1994-ல். அவருடைய 4 வயது மகள் 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று ஓயாமல் கேட்டதுதான் காரணம். அசல் கருவிக்கு விலை அதிகம். அதே மாதிரி வேலை செய்பவை ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, டிக் டிக் சத்தம் இருக்கக்கூடாது. நமக்குக் கேட்காத அந்தச் சத்தம் சில பிள்ளைகளுக்குத் தலைக்குள் சுத்தியல் அடிக்கிற மாதிரி. இரண்டு, அலாரத்தை அணைக்கவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஓட்டை மேல் பஞ்சு வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மணல் டைமர் மலிவு, பல் தேய்க்கிற 2 நிமிடத்துக்குப் பொருத்தம். ஆனால் பாதியில் நிறுத்த முடியாது. மணல் விழுவதையே பார்த்துக்கொண்டு வேலையை மறக்கிற பிள்ளைகளுக்கு அது டைமராக இருக்காது, விளையாட்டுச் சாமானாகிவிடும். கண்ணாடியாக இல்லாமல் பிளாஸ்டிக்காக வாங்குங்கள்.

போன் ஆப்பை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். போன்தான் பிள்ளை விரும்பும் பொருள், அதே போன்தான் 'போனை வை' என்றும் சொல்கிறது என்றால் குழப்பம்தானே. எண்கள் இறங்கிக்கொண்டே வரும் டிஜிட்டல் டைமர், எண் பிடித்த பிள்ளைகளுக்கு நன்றாக ஒத்துவரும். வேறு சிலரோ ஒவ்வொரு விநாடியும் குறைவதைப் பார்த்துப் படபடத்துப் போகிறார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

காசே செலவழிக்காமல் ஒரு வழி உண்டு. வீட்டில் இருக்கும் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். பெரிய முள் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எத்தனை நிமிடம் வேண்டுமோ அது வரை, கடிகாரக் கண்ணாடி மேல் சிவப்பு ஒயிட்போர்டு மார்க்கரால் தோசையை வெட்டிய துண்டு மாதிரி ஒரு கோணம் வரைந்து லேசாக வண்ணம் தீட்டுங்கள். முள் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தீட்டினால் போதும். 'பெரிய முள் சிவப்பைத் தாண்டினால் முடிந்தது.' அப்புறம் துணியால் துடைத்துவிடலாம். விநாடி முள் சுற்றுவதிலேயே பிள்ளையின் கண் மாட்டிக்கொண்டால், விநாடி முள் இல்லாத கடிகாரத்தைத் தேடுங்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கு இவை எதுவும் உதவாது. கையில் அதிரும் டைமர் தேட வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்கோ வட்டு டைமர் அருமையாகப் பொருந்தும்.

முதல் படி: மூன்று நாள் வெறுமனே கவனியுங்கள்

டைமர் வந்த அன்றே பிரித்து வைத்து ஓட்டாதீர்கள். ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதுங்கள்: எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்குப் போகும்போது அடம், அழுகை, எவ்வளவு நேரம். எனக்கு எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. குளியல் என் மகனுக்குப் பிடிக்கும். தண்ணீர் பயம் என்று நான் நினைத்தது தப்பு. குளிக்கப் போகும்போது கட்டையை அடுக்குவது பாதியில் நிற்கிறதே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பிள்ளை இப்போது ஒரு வேலையில் இயல்பாக எவ்வளவு நேரம் உட்காருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் உட்காரும் பிள்ளைக்கு முதல் நாளே பதினைந்து நிமிடம் வைத்தால், அது டைமரின் தவறில்லை, நம் தவறு.

இரண்டாம் படி: நல்லதில் ஆரம்பியுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். டைமரை முதன்முதலில் எடுப்பதே டிவியை அணைக்க. பிள்ளைக்கு அது பிடித்ததைப் பறிக்கும் சாமானாகப் பதிந்துவிடும். பிறகு பார்த்தாலே தூக்கி எறியும்.

நான் தோசைக்கல்லில் ஆரம்பித்தேன். மாவை ஊற்றியதும் அவன் முன்னால் டைமரை ஒரு நிமிடத்துக்குத் திருப்பினேன். "சிவப்பு போனதும் தோசை." மெல்லிய கீற்றாக இருந்த சிவப்பை விரலால் காட்டினேன். அவன் என் விரலைப் பார்த்தான், தோசையைப் பார்த்தான், சமையல் மேடையைத் தட்டினான். சிவப்பு மறைந்த அதே கணம் தோசையை எடுத்துத் தட்டில் போட்டேன். சற்று வேகாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன், ஏனென்றால் அன்றைக்குத் தோசை முக்கியமில்லை. நாலாவது தோசைக்கு அவன் கண் கல்லை விட்டுவிட்டு டைமருக்குப் போயிற்று.

முதல் ஒரு வாரம் இப்படியே போகட்டும். டைமர் முடிந்தால் நல்லது வரும்: பிஸ்கட், ஊஞ்சல், அப்பா முதுகில் சவாரி, எதுவானாலும். ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. 'சிவப்பு போனால் ஏதோ நடக்கும்' என்ற தொடர்பு பிள்ளை மனதில் விழ வேண்டும். ஒரு வாரத்தில் விழவில்லையா, இன்னும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அடுத்து என்ன என்று காட்டுங்கள்

டைமர் 'முடிந்தது' என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லாது. முடிவு மட்டும் தெரிந்து அடுத்தது தெரியாமல் இருப்பதும் பயம்தான். அதனால் டைமருக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வையுங்கள். இரண்டே கட்டம்: 'முதலில்', 'பிறகு'. முதல் கட்டத்தில் கட்டை அடுக்கும் படம், அடுத்ததில் குளியல் படம். நம் பாட்டிமார் 'முதல்ல சாதம், அப்புறம் பாயசம்' என்பார்களே, அந்த வித்தைதான்.

இணையத்தில் கிடைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை பாத்டப்பில் குளிக்கும் படம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பச்சை பக்கெட்டை, அவனுடைய மக்கைப் படம் எடுத்து பிரிண்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே பிய்த்து 'முடிந்தது' டப்பாவில் போடட்டும். அந்த டப்பாவில் அட்டை விழும் சத்தம் என் மகனுக்கு அவ்வளவு இஷ்டம். காலை வேலைகள் ஆறும் டப்பாவுக்குள் போனால்தான் அவன் செருப்பு போடுவான்.

நான்காம் படி: குறைவான சொற்கள்

தினமும் ஒரே வாக்கியம், வீட்டில் எல்லோரும் அதே வாக்கியம். எங்கள் வீட்டில் 'சிவப்பு போனதும் குளியல்'. 'சீக்கிரம் சீக்கிரம்', 'பாரு டைம் ஆகுது', 'வேன் போயிடும்' எல்லாம் வேண்டவே வேண்டாம். டைமர் பேசட்டும், நாம் பேசாமல் இருப்போம். நடுவில் ஒரே முறை, முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, பக்கத்தில் போய் விரலால் காட்டினால் போதும். தூரத்திலிருந்து கத்துவது கணக்கில் வராது.

டைமரைப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே, கைக்குச் சற்று எட்டாத இடத்தில் வையுங்கள். குமிழைத் திருப்பி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதற்காகத் திட்டாதீர்கள், இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

ஐந்தாம் படி: பிடித்ததை நிறுத்துவது

இப்போதுதான் யூட்யூப், டிவி, போன் எல்லாம். முதல் நாள் அதிகப் பிடித்தத்தில் கை வைக்காமல், ஓரளவு பிடித்ததில் தொடங்குங்கள். 'பிறகு' கட்டத்தில் வருவது பிள்ளை வெறுக்கும் வேலையாக இருக்க வேண்டாம். போன் முடிந்ததும் வீட்டுப்பாடம் என்றால் எந்தப் பிள்ளைதான் போனைத் தரும்? போன், பிறகு மாம்பழம், அதற்குப் பிறகு வீட்டுப்பாடம் என்று நடுவில் ஒரு படிக்கட்டு வையுங்கள்.

சிவப்பு தீர்ந்ததும் அந்த நொடியே நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இது முழுக்க நம்மைப் பொறுத்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இதோ வருகிறேன் என்று மூன்று நிமிடம் விட்டீர்களானால், சிவப்பு போனாலும் ஒன்றும் நடக்காது என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். உங்களால் எழுந்து வர முடியாத நேரத்தில் டைமரை வைக்கவே வைக்காதீர்கள்.

ஒரு சலுகை தரலாம். 'இன்னும் 2 நிமிடம்' என்று ஓர் அட்டை. ஒரு முறைதான் செல்லும், அதுவும் சிவப்பு தீர்வதற்கு முன்னால் நீட்டினால்தான் செல்லும். சில சிறப்பாசிரியர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வழக்கம் கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு வேறு எண்ணம். அழாமல், அடிக்காமல், ஓர் அட்டையை நீட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்க ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம். அழ ஆரம்பித்த பிறகு மட்டும் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் நிமிடத்தில் அளக்கவும் வேண்டியதில்லை. பாட்டு முடிய அரை நிமிடம் இருக்கையில் நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? 'இரண்டு பாட்டு' என்று எண்ணிக்கையாக வைத்து, டைமரை அதற்கேற்ப வையுங்கள்.

அடம் உச்சத்துக்குப் போய்விட்டதா? டைமரை மூஞ்சிக்கு நேரே காட்டாதீர்கள். அந்த நேரத்தில் எந்தப் படமும் உள்ளே இறங்காது. சத்தத்தைக் குறைத்து, ஆளைக் குறைத்து, பக்கத்தில் அமைதியாக இருங்கள். தணிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து சின்னதாகத் தொடங்கலாம்.

நம் கையில் இல்லாத காத்திருப்பு

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மகனுக்கு 7 வயதாக இருக்கும்போது ஒரு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தோம். பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்கள் என்று சொன்னதை நம்பி டைமரைப் பத்துக்கு வைத்தேன். தீர்ந்தது, கூப்பிடவில்லை. மறுபடி பத்து. அதுவும் தீர்ந்தது. மூன்றாம் முறை நான் குமிழில் கை வைத்ததும் அவன் டைமரைப் பிடுங்கித் தரையில் அடித்தான். சிவப்புத் தட்டு தனியாகக் கழன்று நாற்காலிக்கு அடியில் ஓடியது. உடைந்ததைக்கூட மாற்றிவிடலாம். புது டைமரை அவன் திரும்பிப் பார்க்கவே மூன்று வாரம் ஆயிற்று. மறுபடி தோசையிலிருந்து ஆரம்பித்தோம்.

எவ்வளவு நேரம் என்று நமக்கே தெரியாத இடத்தில், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட், கல்யாண வீட்டுப் பந்தி, இங்கெல்லாம் டைமர் பொய் சொல்லிவிடும். அதற்கு வேறு ஏற்பாடு. ஒரு கெட்டி அட்டையின் ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப் ஐந்தை வரிசையாக மாட்டுங்கள். அட்டையின் கடைசியில் அடுத்து வரப்போவதன் படத்தை ஒட்டுங்கள். முன்னால் ஆள் குறையக் குறைய, ஒவ்வொரு கிளிப்பாகப் பிள்ளையின் கையால் எடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை நாம் கட்டுப்படுத்தலாம். வரிசை நகரவில்லையா, நாலாவது கிளிப்பைச் சற்று நேரம் பிடித்து வைக்கலாம். கடைசிக் கிளிப்பை மட்டும், டோக்கன் எண் கூப்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். 'குறைந்துகொண்டே வருகிறது' என்பது அப்போதும் உண்மையாகவே இருக்கும். என் கைப்பையில் இன்றும் அந்த அட்டை உண்டு.

எங்கே வைக்கக்கூடாது

சாப்பாட்டுக்கு வைக்காதீர்கள். பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு விழுங்குவதே சிரமம், அவசரப்படுத்தினால் புரையேறும், ஆபத்து. கழிப்பறையில் வைத்தால், 'சிவப்பு போனதும் எழுந்துவிடலாம்' என்ற பொருளில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வராவிட்டாலும் எழுப்பிவிடுங்கள். தண்டனைக்கு, மூலையில் உட்கார வைப்பதற்கு, கண்டிப்பாகக் கூடாது. ஒரு முறை தண்டனைக்கு வைத்த சாமானைப் பிள்ளை மறுபடி எப்படி நம்பும்?

டைமரைப் பார்த்ததுமே பிள்ளை காதைப் பொத்துகிறது, நகம் கடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். படவரிசை மட்டுமே போதுமான பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பாட்டி, தாத்தா, டீச்சர்

கூட்டுக்குடும்பத்தில் டைமர் தோற்பது பிள்ளையால் அல்ல. "பாவம், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமே" என்று பாசத்தில் சொல்லும் பெரியவர்களால். என் மாமியாரிடம் வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம் தோசை டைமரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். "அத்தை, இனிமே சிவப்பை நீங்க வையுங்க, தோசையையும் நீங்களே கொடுங்க." பேரன் டைமரைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைப் பார்க்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து, வீட்டில் அதிகக் கண்டிப்பானவர் அவர்தான்.

பள்ளியில் அதே நிறம், அதே வாக்கியம், முடிந்தால் அதே டைமர் இருக்கட்டும். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தால் டீச்சருக்கும் சுலபம். வகுப்பில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் தயங்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது, ஆட்டிசமும் அதில் உண்டு. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள், அந்தந்த மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தரும்படி அரசு முயல வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. மேசை ஓரத்தில் ஒரு சின்ன டைமர் அதற்குள் அடங்கும் என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே முறைதான், படங்களும் பேச்சும் மட்டும் வயதுக்குத் தக்கபடி மாற வேண்டும். 30 வயதுக்காரர் முன்னால் கார்ட்டூன் ஒட்டிய டைமரை வைப்பது அவரை மதிக்காத செயல். மறதி நோய் உள்ள முதியவர் 'மகள் எப்போ வருவா' என்று ஓயாமல் கேட்கும்போதும், ஆரம்ப நிலையில் இருப்பவர் என்றால், வட்டு டைமர் கொஞ்சம் ஆறுதல் தரும்.

அவர்கள் கைக்குப் போகும்போது

குமிழைத் திருப்பும் வேலையைச் சீக்கிரமே பிள்ளைக்குக் கொடுங்கள். முதலில் நாம் சொல்லும் எண்ணுக்கு அவன் திருப்பட்டும். பிறகு '5 வேண்டுமா, 8 வேண்டுமா' என்று கேளுங்கள். டைமரை எப்போது நிறுத்துவது என்று பல பெற்றோர் கேட்பார்கள். நாமே கையில் வாட்ச் கட்டிக்கொண்டுதானே திரிகிறோம், அவர்களிடமிருந்து மட்டும் ஏன் பிடுங்க வேண்டும்? தேவையில்லாத வேலைகளில் அது தானாகவே உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பல் தேய்க்க இப்போது டைமர் இல்லை, துணி மடிக்க இருக்கிறது.

உதிரி பேட்டரி ஒன்றை டைமரின் முதுகில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். வேன் வரும் நேரத்தில்தான் அது நின்றுபோகும்.

குளியலுக்கு நான் வெகுநாள் 10 நிமிடம் வைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் டைமரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குமிழை மெல்ல 12-க்கு நகர்த்தினான். "பன்னெண்டு" என்றான். சோப்பு போகக் கழுவ அவனுக்கு அந்த இரண்டு நிமிடம் தேவைப்பட்டிருக்கிறது, சொல்லத்தான் இத்தனை வருடம் ஆயிற்று. இப்போதும் 12-தான் வைக்கிறான்.